பூஜை அறை உத்தரம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலுக்கு எதிரே, இரும்பு மடக்கு நாற்காலியில், கமிட்டித் தலைவர் ராஜசேகரன். அவருக்கு வலது கைப்பக்கம், புதிதாக மாட்டிய கரும்பலகைக்குக் கீழே, பாயில் டீச்சர் சுசீலா. ஜன்னல் திட்டில் ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு வீட்டுக்காரர் நாகப்பன். பூட்டிக் கிடந்த பூஜை அறைக் கதவை ஒட்டித் தரையில், சாமிக்கு முதுகு காட்டக் கூடாதென்று பக்கவாட்டில் சாய்ந்து, அவர் மனைவி வேம்புலியம்மாள். ஐந்தாவது ஆள் ஜெயபால். அவனுக்கும் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அவன் உட்காரவில்லை. கித்தான் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கூடத்தின் நடுவே நின்றான். தேதி 1973 மே 30, புதன்கிழமை. காலை மணி பத்தே கால்.

வருகிற திங்கட்கிழமை அந்த வீட்டில் பால்வாடி தொடங்குவதாக ஏற்பாடு. மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள் நாற்பது பேர், காலை எட்டு மணியிலிருந்து சங்கு ஊதும் வரை அந்த ஓட்டுக் கூரையின் கீழேதான் இருக்கப் போகிறார்கள். இதற்காக சுசீலா இரண்டு வருஷமாக மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, செருப்புத் தேய்ந்தவள். காஞ்சிபுரத்து மாவட்ட ஆபீஸில் கடைசியாகக் கேட்ட காகிதம் ஒன்றே ஒன்று: வீட்டு மரங்களில் கரையானோ வேறு பழுதோ இல்லை என்கிற சான்று. அதை எழுதிக் கொடுத்தவன் ஜெயபால். கொடுத்துப் பதினான்கு நாள் ஆகிறது. அந்தச் சான்று பொய்யாகிவிட்டதோ என்று பார்க்கத்தான் இப்போது வந்து நிற்கிறான்.

பாரிமுனையில் ஒரு பூச்சி மருந்துக் கம்பெனியில் அவனுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த வீட்டில் நிலை உளுத்தாலும், எந்த வீட்டில் கைமரம் மாவாகக் கொட்டினாலும் அவனைத்தான் அனுப்புவார்கள். அவன் வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் வீட்டைச் சுற்றி வருவான். பிறகு ஒரு தாளில் அறை அறையாகப் படம் போடுவான். மரத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் சாணுக்கு ஒரு தட்டு தட்டி, காது கொடுத்துக் கேட்டு, தட்டின இடத்துக்குப் படத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவான். குறி இல்லாத மரம் அவன் பார்க்காத மரம். அதில் தகராறே கிடையாது.

மே பதினாறாம் தேதி இந்த வீட்டிலும் அப்படித்தான் செய்தான். நாலு அறை முடிந்தது. ஐந்தாவது பூட்டியிருந்தது. நாகப்பன் குடும்பம் பின்னாலிருக்கிற வேறு வீட்டுக்குப் போய், இந்த வீட்டைப் பால்வாடிக்கு விட்டாலும், சாமியை மட்டும் இடம் மாற்றவில்லை. வெள்ளிக்கு வெள்ளி வேம்புலியம்மாள் வந்து பூட்டைத் திறந்து, அபிஷேகம் செய்து, விளக்கேற்றிவிட்டுப் போவாள். அன்றைக்கு நாகப்பன், அது சாமி ரூமு, பொம்பளைங்களே தலைக்கு ஊத்திக்காமல் உள்ளே போக மாட்டார்கள் என்று ஆரம்பித்தார். ஜெயபால் வேதக்காரன், பூந்தமல்லி சர்ச்சில் ஞாயிறு தவறாதவன். அடுத்தவர் சாமி அறைக்குள் தான் எதற்குப் போக வேண்டும் என்று அவனுக்கே கூச்சம். வேண்டாங்க, அவசியமில்லை என்று கை கும்பிட்டு நகர்ந்துவிட்டான். சாருக்கு மருவாதி தெரியும் என்று நாகப்பன் மகிழ்ந்து போய் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கலரைக் குடித்துவிட்டு அவன் எழுதின சான்றில் முதல் வரி: "வீட்டின் எல்லா அறைகளையும் பரிசோதித்தேன்."

நேற்று மாலை வீட்டில் உட்கார்ந்து மாசக் கணக்கு பைலைக் கட்டும்போதுதான் அந்தப் படம் கையில் வந்தது. கூடத்தின் குறுக்கே போகிற பெரிய உத்தரத்தில் ஒன்பது பெருக்கல் குறி. அத்தனையும் கணீர் என்று பேசின மரம். அவன் சும்மா பென்சிலை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டினான். கோடு சுவரைத் தாண்டிப் பூஜை அறைக்குள் போயிற்று. போய், அந்தப் பக்கச் சுவரில் உட்கார்ந்தது. அந்த அறையில் ஒரு குறிகூட இல்லை. உத்தரத்தின் நடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்; சுவருக்குள் சொருகின நுனியைத்தான் கரையான் முதலில் பிடிக்கும். இதை அவனே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மனைவி ஞானகுமாரி என்னவென்று கேட்டாள். சொன்னான். அவள் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. நல்லா இருந்தா பஸ் சார்ஜோட போச்சு."

நல்லா இல்லாவிட்டால் என்ன என்பதை அவள் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும். போன வருஷம் மதுரைவீரன் என்கிற இன்ஸ்பெக்டர், போகாத குடோனைப் பார்த்ததாக எழுதினான் என்று மானேஜர் அன்று சாயங்காலமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

இப்போது கூடத்தில் ஜெயபால் வந்த காரியத்தைச் சொல்லி முடித்ததும் முதலில் பேசினவர் ராஜசேகரன். அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டதையும், திறப்பு விழாவுக்கு வரப்போகிற பெரிய மனிதரையும், பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டதையும் வரிசையாக அடுக்கினார். நாகப்பனுக்கோ இது மான விஷயம். அந்த உத்தரம் பர்மா தேக்கு, தன் தகப்பனார் துறைமுகத்திலிருந்து இரண்டு மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தது, அதில் கரையான் பல்லு உடைந்து போகும் என்றார். வேம்புலியம்மாள் இடுப்புச் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம தவிர தொறக்க மாட்டேன்," என்றாள் கடைசியில். "வெள்ளிக்கிழமயும் வேற ஆளு உள்ள வரக் கூடாது."

ஜெயபால் அவள் எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அபிஷேகத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டான். சுவரடியில் ஒரு ஓட்டை இருக்கிறது என்றாள். அந்த ஓட்டையை வெளியிலிருந்து இப்போதுதான் பார்த்தேன், அடைத்துக்கொண்டு பாசி பிடித்திருக்கிறது, தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்குகிறது, ஏரிக்கரை மண் வேறு என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, உள்ள படத்துக்குப் பின்னாடி செவுத்துல மண்ணு கோடு மாதிரி எதுனா ஏறியிருக்கா?"

அவள் கை சாவியின் மேல் அப்படியே நின்றது. நாகப்பன் ஜன்னல் திட்டிலிருந்து தலையைத் திருப்பினார்.

தை மாசத்திலிருந்து இருக்கிறதாம். பொன்னியம்மா படத்துக்குப் பின்னால் விரல் கனத்துக்கு மண் எழும்பியதைப் பார்த்ததும் அவளுக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. ஆத்தா தன் வீட்டைத் தேடி வந்து புத்து கட்டுகிறாள் என்று நினைத்தாள். வெள்ளிக்கு வெள்ளி அந்த மண்ணுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து, அதிலேயே ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னாண்ட கூடவா சொல்லல?" என்றார் நாகப்பன்.

"உன்னாண்ட சொல்லியிருந்தா இந்நேரம் டீக்கடையில உண்டியல் வெச்சிருப்ப."

சுசீலா குனிந்து சிரிப்பை மறைத்தாள். வேம்புலியம்மாள் சிரிக்கவில்லை. ஜெயபாலைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ வேதக்காரன் நைனா. உனுக்கு அது பூச்சி. எனுக்கு ஆத்தா. நீ பூந்து சொரண்டிட்டுப் பூடுவ. நான் இங்கயே கீறவ."

"நான் உள்ள வரவே வேண்டாம்மா. தரையில இருக்கிறது உங்க இஷ்டம். அந்த மண்ணு மேல எது வரைக்கும் போயிருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

அவள் மேலே பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவுமில்லை. அப்போது சுசீலா பாயை விட்டு எழுந்தாள். கூடத்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் அவள் கோடுகள் போட்டு வைத்திருந்தாள். பாட்டுப் பாடுகிற இடம், சாப்பிடுகிற இடம், என்று. பூஜை அறைச் சுவரை ஒட்டி இருந்த நீளக் கட்டத்தின் ஓரமாக நடந்து போய் நின்றாள். மத்தியானம் வெயில் படாத இடம் வீட்டிலேயே இதுதான், சின்னதுகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேதான் படுக்க வைக்கப் போகிறேன் என்றாள்.

வேம்புலியம்மாள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். நேர் மேலே போகிற உத்தரத்தைப் பார்த்தாள்.

"எத்தினி புள்ளைங்க?"

"இந்த இடத்துல மட்டும் பதினோரு பேர். எல்லாம் மூணு வயசு."

"அந்தச் சாமானக் குடு," என்று ஜெயபாலிடம் கை நீட்டினாள். "நானே தட்டறேன்."

குளித்துவிட்டு ஈரப் புடவையோடு அவள் திரும்பி வர அரைமணி ஆயிற்று. திருப்புளியையும் சின்னச் சுத்தியையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி வாங்கிக்கொண்டாள். உள்ளே விளக்கு வைக்கிற உயரப் பலகையை நகர்த்திப் போட்டு ஏறுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் மட்டும் திறந்திருந்தது. ஜெயபால் கூடத்துப் பக்கம் ஏணி போட்டு ஏறி, உத்தரத்தின் மேல் இடது காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். கூடத்துச் சுவர் ஓரத்திலிருந்து ஆரம்பிங்க, ஒரு சாணுக்கு மூணு தட்டு, என்று சொல்லிக் கொடுத்தான்.

முதல் மூன்று தட்டும் கணீர் என்று வந்தன. அடுத்த மூன்றும் அப்படியே. நாகப்பன் பெருமையோடு மூக்கை உறிஞ்சினார். மூன்றாவது சாணில் சத்தம் மாறிற்று. நாலாவதில் அது மரத்தின் சத்தமே இல்லை. ஜெயபால் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்தே குரல் வந்தது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"ஓட்டப் பானை கணக்கா கீது சார்."

"திருப்புளி முனைய வெச்சு அமுக்கிப் பாருங்கம்மா. மெதுவா."

உள்ளே பலகை கிறீச்சிட்டது.

"போவுது," என்றாள். பிறகு, "இன்னும் போவுது. புடி வரிக்கும் போயிட்ச்சு."

அவள் வெளியே வந்தபோது தோளிலும் தலையிலும் மண் தூள். அரிசி நிறத்துப் பூச்சிகள் இரண்டு மூன்று புடவை ஈரத்தில் ஒட்டி நெளிந்தன. உள்ளங்கையில் ஒரு சில்லு மரம் இருந்தது. அப்பளம் போல அடுக்கடுக்காக, ஊதினால் பறக்கிற மாதிரி. அதை நேரே கொண்டுபோய் நாகப்பன் கையில் வைத்தாள்.

"இந்தா உன் பர்மா தேக்கு."

நாகப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டிலிருந்து இறங்கி, உத்தரத்துக்கு நேர் கீழே நிற்பது நினைவு வந்து, இரண்டு எட்டு தள்ளி நின்றார்.

ராஜசேகரன் அசரவில்லை. அவர் கெட்டவரில்லை, ஒரு காரியத்தைத் தேதி வைத்து முடித்துப் பழகினவர். அவர் சொன்ன யோசனை இது: சவுக்குக் கழி இரண்டை முட்டுக் கொடுப்பது, மருந்தை மேலாக்க அடிப்பது, திங்கட்கிழமை விழாவை நடத்திவிடுவது, உத்தரத்தைப் பிறகு ஒரு லீவு நாளில் மாற்றிக்கொள்வது. இந்த அறைக்குள் நடந்தது ஐந்து பேருக்குத்தான் தெரியும். முதல் சான்று ஏற்கெனவே காஞ்சிபுரம் போய்ப் பைலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஜவாப் ஜெயபால்தானே ஒழிய வேறு யாருமில்லையே.

"அதனாலதான் சார் இன்னொண்ணு எழுதணும்கிறேன்," என்றான் ஜெயபால்.

மழை பிடித்தால் ஓட்டின் கனம் கூடும், முட்டுக்கழி தரையில் புதையும், எந்த நாள் எந்த மணிக்கு என்று என்னால் சொல்ல முடியாது என்றான். ராஜசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழுதுகிற கடுதாசியில் தன் கையெழுத்து விழாது என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரனைப் பார்க்கப் போனார்.

அவர் போன பிறகுதான் சுசீலா பேசினாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது.

"அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த அம்மா அன்னிக்கே தட்டியிருப்பாங்க. எனக்குப் பதினாலு நாள் கிடைச்சிருக்கும்."

"ஆமா டீச்சர்."

சுசீலா பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பி, இந்த வீட்டைச் சரி பண்ண எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். உளுத்த நுனியை அறுத்து இரும்புக் கட்டை கொடுத்து, சுவரடியைத் தோண்டி மருந்து ஊற்ற ஆறு வாரம் என்றான். அப்படியானால் அனுமதியை ரத்து செய்யச் சொல்லி எழுதாதீர்கள், ஆறு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி எழுதுங்கள், ரத்து என்கிற வார்த்தை ஒரு தடவை பைலில் விழுந்தால் இந்தப் பால்வாடி வேறு ஊருக்குப் போய்விடும் என்றாள். அவன் தலையாட்டினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த ஆறு வாரத்துக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஊர்த் தறிக் கொட்டகை கிடைக்குமா என்று கேட்கக் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் அவள் நடையில் வேகம் குறையவில்லை.

ஜெயபால் முக்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து தாளும் கார்பனும் எடுத்தான். தேதி போட்டான். "ஐயா" என்று ஆரம்பித்தான். முதல் சான்றின் நம்பரைக் குறித்தான். "மேற்படி வீட்டின் பூஜை அறையைப் பரிசோதிக்க" என்கிற வரைக்கும் பேனா தடங்கலில்லாமல் ஓடிற்று. அங்கே நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த நாகப்பனுக்கு அது புரிந்துவிட்டது. கையிலிருந்த சில்லைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து வந்தார்.

"நாங்க உள்ள உடலன்னு எழுதிக்க நைனா. எங்களுக்கு இன்னா பூட்ச்சு, யாரு வந்து கேக்கப் போறாங்க? நீ புள்ள குட்டிக்காரன். உன் வேல கெட்டா யாரு குடுப்பாங்க?"

வேம்புலியம்மாளும் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. நல்ல மனசோடு கொடுத்த வார்த்தை அது. 'அனுமதி கிடைக்கவில்லை' என்று இரண்டே சொல் எழுதினால் போதும். மதுரைவீரனுக்கு நேர்ந்தது அவனுக்கு நேராது. மானேஜர் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிடுவார். பேனா நுனியில் மை திரண்டு சொட்டப் பார்த்தது. அவன் அதை ஒற்றிவிட்டு, அந்தத் தாளைப் பிரதியோடு உருவி எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். புதுத் தாளில் மறுபடியும் தேதி போட்டு எழுதினான்:

"1. 16-5-73 தேதியிட்ட சான்றில் எல்லா அறைகளையும் பரிசோதித்ததாக நான் எழுதியது சரியல்ல. பூஜை அறையை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று வீட்டார் தடுக்கவில்லை. அவசியமில்லை என்று சொன்னவன் நானே.

2. இன்று பார்த்ததில், கூடத்து உத்தரத்தின் மேற்கு நுனி சுமார் மூன்று அடி நீளம் கரையானால் முழுவதும் அரிக்கப்பட்டிருக்கிறது. சுவரில் இறங்கிய ஈரமே காரணம். இந்த உத்தரத்தின் கீழ் குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது.

3. பழுது நீக்க ஆறு வாரம் ஆகும். அதுவரை திறப்பைத் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் ஐந்து அறைகளையும் மறுபடி தட்டிப் பார்த்துப் புதுச் சான்று தர வேண்டும்."

கீழே தன் பெயரையும், அதற்குக் கீழே 'மரத்தைத் தட்டிப் பார்த்தவர்' என்றும் எழுதி, வேம்புலியம்மாளைக் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினான். அவள் நின்றபடியே கேட்டாள்.

"ஆத்தா பேரு இதுல எங்கியும் வரலியே?"

"வரலம்மா. ஈரம்னுதான் எழுதியிருக்கேன்."

மருந்து ஊற்றுகிற ஆட்கள் வருமுன் சொல்லி அனுப்ப வேண்டும், அந்த மண்ணில் ஒரு கைப்பிடியை ஏரிக்கரைப் பொன்னியம்மா கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றாள். சொல்லி அனுப்புகிறேன் என்றான். அவள் இடது கட்டை விரலில் பேனா மையைத் தடவிக்கொண்டு, அவன் காட்டின இடத்தில் அழுத்தி உருட்டினாள். கார்பன் பிரதிக்கும் தனியாக ஒன்று வைத்தாள். அழுத்தமான ரேகை, ஒரு கோடு கலையவில்லை.

ரெஜிஸ்தர் தபால் மூன்று மணியோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டரைக்கு அவன் அம்பத்தூர் தபால் ஆபீஸில் இருந்தான். உறை இரண்டு வாங்கினான். அசல் கடிதத்தை மடித்து, காஞ்சிபுரத்து மாவட்ட ஆபீஸ் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினான். பிரதியைப் பாரிமுனை உறைக்குள் போட்டு, மானேஜர் பெயரை எழுதி, கொஞ்சம் யோசித்து, 'நேரில் பிரிக்கவும்' என்று சேர்த்தான். திங்கட்கிழமைக்குள் காஞ்சிபுரம் போய்ச் சேருமா என்று ஜன்னலில் கேட்டான். இன்றைய பையிலேயே போனால் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்றார் கிளார்க்.

மேஜை மேல் இருந்த பசைக் கிண்ணத்தில் குச்சியை விட்டு, உறை வாயில் ஓரம் விடாமல் தடவி, மடித்து, உள்ளங்கையால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தான். ஒட்டிவிட்டதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தான். பிறகு இரண்டாவதையும் அப்படியே ஒட்டி ஜன்னலுக்குள் நீட்டினான். கிளார்க் எடை போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, ரசீது கிழித்துக் கொடுத்தார். டப் டப் என்று முத்திரை விழுந்தது. காஞ்சிபுரத்து உறையும் பாரிமுனை உறையும் அடுத்தடுத்துப் பைக்குள் போயின.